ஆண்டைப் பார்ப்பதா, அடிப்பகுதியைப் பார்ப்பதா? – வாசகர் கேள்வி பதில்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அன்றிலிருந்து இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றியே இருக்கின்றன: குடும்பத்துக்கு ஒரு செடான் கார் வாங்கும்போது புதியதை எடுப்பதா, ஓடியதை எடுப்பதா? இவ்விதழின் இடம் முழுவதையும் அந்தக் கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: நானும் கணவரும் ஆசிரியர்கள். இரண்டு பிள்ளைகளும் முழங்கால் வருத்தமுள்ள மாமியும் எங்களோடு இருக்கிறார்கள். என் பாடசாலை வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருப்பதால் நாள்தோறும் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து போய்வர வேண்டும். 2008 ஆம் ஆண்டு டொயோட்டா பிரிமியோ ஒன்றைக் கையிலுள்ள பணத்திலேயே வாங்க முடியும். அதோடு 40 இலட்சம் ரூபாய் லீசிங் சேர்த்தால் புதிதாக இறங்கிய அக்சியோ ஒன்றை எடுக்கலாம் என்று என் தம்பி சொல்கிறார். ஐயா, எது எங்களுக்குப் பொருந்தும்?
– ஆசிரியை ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: உங்கள் தம்பி சொல்லும் ‘புதிது’ என்ற சொல்லை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும், சகோதரி. ஒருவரும் ஓட்டாத காரை உற்பத்தியாளரின் உத்தரவாதத்தோடு அங்கீகரிக்கப்பட்ட முகவர் தருவது ஒரு வகை. ஜப்பானில் ஓரிரு ஆண்டுகள் ஓடி, அங்கே ஏலத்தில் விலைபோய், கப்பலேறி வந்து, இலங்கையில் இன்னும் இலக்கத் தகடு பெறாமல் விற்பனை நிலையத்தில் நிற்பது மற்றொரு வகை. இதைத்தான் நாம் ‘ரீகண்டிஷன்’ என்றும் ‘அன்ரெஜிஸ்டர்’ என்றும் சொல்லிப் பழகியிருக்கிறோம். தம்பி குறிப்பிடுவது இந்த இரண்டாவது வகை என்றால், உங்கள் முன்னால் நிற்கும் இரண்டு கார்களுமே ஓடிய கார்கள்தான். அக்சியோவுக்குக் கிடைக்கும் உத்தரவாதமும் பெரும்பாலும் விற்பவரின் சொந்த உத்தரவாதமாகவே இருக்கும். அதில் எந்தெந்தப் பாகங்கள் அடங்கும், எத்தனை மாதங்களுக்கு என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இனி மாமியின் முழங்காலுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். இரண்டு கார்களும் 1,695 மில்லிமீற்றர் அகலமானவை. ஜப்பானில் சிறிய வகைக் கார்களுக்கு 1.7 மீற்றர் அகலம் என்ற எல்லை இருப்பதால், அந்நாட்டுச் சந்தைக்கென்று கட்டப்பட்ட பல செடான்கள் அந்த எல்லைக்குள் நின்றுவிடுகின்றன. ஆகவே பின் இருக்கையில் தோளோடு தோள் உரசுவது இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் 2007 இல் அறிமுகமான பிரிமியோவில் 2,700 மில்லிமீற்றர்; அக்சியோவில் 2,600 மில்லிமீற்றர். அந்த 10 சென்ரிமீற்றரின் பெரும்பகுதி பின் இருக்கையில் அமர்பவரின் முழங்காலுக்கு முன்னால் கிடைக்கிறது. மாமியை நேரில் அழைத்துப்போய் இரண்டிலும் ஏறி இறங்கச் சொல்லுங்கள். கதவு திறக்கும் அளவும் இருக்கையின் உயரமும் அவருக்கு ஒத்துவருகின்றனவா என்பதை அவரைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது.

1,500 சிசி பிரிமியோவில் இருப்பது டொயோட்டாவின் 1என்இஸட் எஞ்சின். விட்ஸ், அக்சியோ, புரொபொக்ஸ் என்று நம் தெருக்களில் ஓடும் பல கார்களில் இருந்ததும் அதுவே என்பதால், உதிரிப்பாகம் தேடி நீங்கள் கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டி வருவது குறைவு. அதில் டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இருப்பதால், பழைய 110 கொரோலாவில் செய்ததுபோல் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை பெல்ட் மாற்றும் செலவும் இல்லை. கவனம் வேண்டியது, தனித்தனிக் கியர்கள் இல்லாமல் பட்டியின் மூலம் வேகத்தை மாற்றும் சி.வி.டி. கியர்பொக்ஸில். வேகம் மணிக்கு 20 இலிருந்து 40 கிலோமீற்றருக்கு மெதுவாக ஏறும்போது காரில் நடுக்கமோ, பட்டி இழுபடுவது போன்ற ஊளைச் சத்தமோ இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். அந்தக் கியர்பொக்ஸுக்கென்று குறித்த ஒயிலை இடாமல் சாதாரண ஒட்டோ கியர் ஒயிலை இட்டுக் கெடுத்த கார்களை என் கராஜில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

லீசிங் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 40 இலட்சத்தை ஆண்டுக்கு 14 சதவீத வட்டியில் 60 மாதங்களுக்கு எடுத்தால், மாதத் தவணை ஏறத்தாழ 93,000 ரூபாய் வரும். ஐந்து ஆண்டுகளில் நீங்கள் கட்டி முடிப்பது ஏறக்குறைய 55 இலட்சத்து 84 ஆயிரம். இதில் வட்டி மட்டும் 15 இலட்சத்துக்கு மேல். அத்தனை காலமும் முழுக் காப்புறுதியும் கட்டாயம். இரண்டு ஆசிரியர் சம்பளத்தில் பிள்ளைகளின் படிப்புக்கும் மாமியின் மருந்துக்கும் இடையே இந்தத் தவணையை நுழைப்பது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும்.

பிரிமியோவையே எடுங்கள் என்பது என் தீர்ப்பு; ஆனால் இரண்டு நிபந்தனைகளோடு. உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் அதை ஹொயிஸ்ட்டில் ஏற்றி அடிப்பகுதி முழுவதையும் பார்த்து ஒப்ப வேண்டும். விற்பவர் கூட்டிவரும் மெக்கானிக் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் பார்ப்பது போதாது. அடுத்ததாக, கையிலுள்ள பணம் முழுவதையும் காரின் விலைக்கே கொடுத்துவிடாமல் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். அந்த வயதில் ஒரு காரின் சஸ்பென்ஷன் புஷ்கள், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்கள், தண்ணீர்க் குழாய்கள் என்று இறப்பரால் ஆன ஒவ்வொன்றும் ஓய்வு கேட்கும். படுவான்கரையின் கிரவல் பாதைகளில் அது இன்னும் முந்தும்.

இதே பெயரில் 2001 இறுதியில் வந்த முந்தைய பிரிமியோவை மலிவாக யாராவது காட்டினால், 1,500 சிசியை மட்டும் பாருங்கள். அதன் 1,800 சிசி எஞ்சினின் தொடக்க ஆண்டுகளுக்கு ஒயில் குடிக்கும் பழக்கம் உண்டு. 2,000 சிசியில் இருக்கும், பெற்றோலை எஞ்சின் சிலிண்டருக்குள்ளேயே பாய்ச்சும் நேரடி உட்செலுத்து முறையைச் சரியாகத் திருத்தத் தெரிந்த கைகள் நம் பக்கத்தில் குறைவு.

கேள்வி: 2012 ஆம் ஆண்டு அக்சியோ ஒன்றை எனக்குக் காட்டினார்கள். மீற்றரில் 62,000 கிலோமீற்றர்தான் இருக்கிறது. ‘ஒரு டொக்டர் வைத்திருந்த கார், வீட்டிலேயே நின்றது’ என்கிறார் புரோக்கர். நம்பலாமா?
– தாதி ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: எடுத்த எடுப்பிலேயே பொய் என்று தள்ளிவிடவும் வேண்டாம், தங்கச்சி. 2020 இல் நாடு முடங்கிக் கிடந்தது. 2022 இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அதன் பின்னர் கியூஆர் பங்கீட்டு முறையில் வாரத்துக்குச் சில லீற்றர்களே கிடைத்தன. அக்காலத்தில் உண்மையிலேயே ஓடாமல் நின்ற கார்கள் பல உண்டு. ஆனாலும் மீற்றர் காட்டும் எண்ணை மட்டும் நம்பி ஒருவர் காசைக் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் இலக்கமுறை மீற்றரைக் குறைப்பது சிறிய கருவியோடு அரை மணி நேரத்தில் முடிகிற வேலை.

காரின் மற்ற உறுப்புகளைச் சாட்சிக்கு அழையுங்கள். பிரேக் மிதியின் இறப்பரைப் பாருங்கள். 62,000 கிலோமீற்றரில் அதன் கோடுகள் தெளிவாக இருக்க வேண்டும். அது தேய்ந்து வழுவழுப்பாக இருந்தாலும், இவ்வளவு வயதான காரில் புத்தம் புதிதாக மாற்றப்பட்டிருந்தாலும் காரணம் கேளுங்கள். ஸ்டியரிங் வளையத்தின் மேற்பகுதி பளபளக்கிறதா, சாரதி இருக்கையின் வலது ஓரப் பஞ்சு அமுங்கியிருக்கிறதா, சாரதியின் இருக்கைப் பட்டி மற்றப் பட்டிகளைவிட நார் எழும்பித் தொய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3219 என்றால் 2019 ஆம் ஆண்டின் 32 ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். ஒரு சோடி டயர் 40,000, 50,000 கிலோமீற்றர் ஓடும் என்று கொண்டால், 62,000 ஓடிய கார் எத்தனை சோடி கண்டிருக்கலாம் என்பதை நீங்களே கணக்கிடலாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாகச் சேர்விஸ் பதிவுகளைக் கேளுங்கள். டொக்டர் வைத்திருந்த கார் என்றால் அவர் எங்கோ ஓரிடத்தில் ஒயில் மாற்றியிருப்பார். சேர்விஸ் நிலையங்கள் பல திகதியையும் மீற்றர் அளவையும் இலக்கத்தோடு பதிந்து வைப்பதால், உரிமையாளர் சம்மதித்தால் ஒரு தொலைபேசி அழைப்பிலேயே தெளிவு கிடைக்கும். அந்த இடத்தின் பெயரையே சொல்ல மறுத்தால், காரை 1,50,000 கிலோமீற்றர் ஓடியதாகக் கருதி அதற்கேற்ற விலையைக் கேளுங்கள்.

நீண்ட காலம் நின்ற காருக்கும் தனி வருத்தங்கள் உண்டு. பெற்றோல் தாங்கியின் அடியில் மண்டி சேரும், பிரேக் தட்டுகளில் துரு ஏறும், டயர்கள் ஓரிடத்தில் தட்டையாகும், எலி வயரைக் கடிக்கும். குறைவாக ஓடியது என்பதற்காகவே கூடுதல் விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கேள்வி: கடையும் வீடும் ஊருக்குள்ளேயே. மாதத்தில் ஒருமுறை கொழும்பு போவேன். ஹைபிரிட் கார் எடுத்தால் பெற்றோல் மிச்சம் என்கிறார்கள். பற்றரி போனால் கதை முடிந்தது என்றும் சொல்கிறார்கள். அக்சியோ ஹைபிரிட்டும் ஹொண்டா கிரேஸும் என் பார்வையில் இருக்கின்றன.
– வியாபாரி ஒருவர், காத்தான்குடி

பதில்: பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைபிரிட்டின் பலன் தெரிவது நின்று நின்று போகும் ஓட்டத்தில்தான். பேரீச்ச மரங்கள் நிற்கும் உங்கள் பிரதான வீதியில் மாலை நேரத்தில் ஊர்ந்து போகும்போது மின்மோட்டார் வேலை செய்யும், எஞ்சின் ஓய்வெடுக்கும். பொலன்னறுவை, ஹபரணை வழியாகக் கொழும்புக்கு நீட்டி ஓடும்போது அந்த மிச்சம் சுருங்கிவிடும்.

ஆண்டுக்கு 12,000 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் பெற்றோல் காருக்கு 1,000 லீற்றர் வேண்டும். 20 ஓடும் ஹைபிரிட்டுக்கு 600 போதும். லீற்றர் 300 ரூபாய் என்றால் ஆண்டில் மிச்சம் 1,20,000 ரூபாய். நீங்கள் பார்க்கும் ஹைபிரிட்டுக்கும் அதே வயதுப் பெற்றோல் காருக்கும் இடையிலான விலை வித்தியாசத்தை இந்தத் தொகையால் வகுத்தால், எத்தனை ஆண்டில் அது திரும்பிவரும் என்று தெரியும். அந்த ஆண்டுகளுக்குள் பற்றரி மாற்ற வேண்டி வருமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி.

2013 இல் வந்த அக்சியோ ஹைபிரிட்டின் நிக்கல் பற்றரி, 20 தொகுதிகள் சேர்ந்து 144 வோல்ட் தரும் அமைப்பு. அது பின் இருக்கையின் கீழ் இருக்கிறது. இருக்கையின் ஓரத்திலுள்ள சிறிய துவாரத்தின் வழியாகக் காற்றை இழுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. கடைக்குச் சாமான் ஏற்றும்போது அந்தத் துவாரத்தைப் பெட்டியாலோ துணியாலோ அடைத்துவிட்டால், நம்மூர் வெக்கையில் பற்றரியின் ஆயுள் கரையும். வாங்குவதற்கு முன்னர் அந்தத் துவாரத்தின் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். தூசியும் நூலும் அடைத்துக்கொண்டிருந்தால் முன்னைய உரிமையாளர் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

ஸ்கேனர் பூட்டி, ஓடும் நிலையில் ஒவ்வொரு தொகுதியின் வோல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகத் தாழ்ந்து போனால் பற்றரி முதுமை அடைந்துவிட்டது. ‘செல் மாற்றியது, இப்போது புதிது மாதிரி’ என்று சொல்வார்கள். பழுதான தொகுதி ஒன்றை எடுத்துவிட்டு இன்னொரு காரிலிருந்து கழற்றிய ஒன்றைப் போடுவதே பெரும்பாலும் அதன் பொருள்; மீதமுள்ளவை வரிசையாகத் தளரத் தொடங்கும்.

கிரேஸைப் பொறுத்தவரை, 2014 இறுதியில் வந்த அந்தக் காரின் லித்தியம் பற்றரியைவிட ஏழு வேக இரட்டைக் கிளச் கியர்பொக்ஸைப் பற்றியே நான் அதிகம் யோசிப்பேன். அது நீண்ட ஓட்டத்தில் இனிமையானது. ஊர்ந்து போகும் நெரிசலில் கிளச்சுகள் சூடேறும், காலப்போக்கில் புறப்படும்போது குலுக்கும். உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி ஊருக்குள் என்பதால் உங்களுக்கு நான் அக்சியோவையே சொல்வேன். கிரேஸைத்தான் விரும்புகிறீர்கள் என்றால், வெயிலேறிய பகல் நேரத்தில் குளிரூட்டியையும் போட்டுக்கொண்டு, காத்தான்குடிச் சந்தியிலிருந்து கல்லடிப் பாலம் வரை நெரிசலோடு நெரிசலாக ஓட்டிப் பார்த்த பின்னர் முடிவெடுங்கள்.

கேள்வி: ஓய்வூதியப் பணத்தில் கார் வாங்க இருக்கிறேன். கடுவெலவில் ஒரு கார் நம்மூர் விலையைவிட நல்ல மலிவாக இருக்கிறது. உள்ளே எல்லாம் புதிதாகத் துணி போட்டு அழகாக வைத்திருக்கிறார்கள். பார்த்த உடனே பிடித்துவிட்டது.
– ஓய்வுபெற்ற அதிகாரி, கல்லடி

பதில்: ஐயா, அந்த அழகே எனக்குப் பயத்தைத் தருகிறது. களனி ஆறு 2016 மேயில் பெருகியபோது கடுவெல, கொலன்னாவைப் பக்கம் எத்தனை வாகனங்கள் நீரில் மூழ்கின என்பதை நாமெல்லாம் படங்களில் பார்த்தோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் அதைவிடப் பரந்தது. மூழ்கிய கார்களில் பல கழுவிக் காயவைக்கப்பட்டு, உள்ளலங்காரம் மாற்றப்பட்டு மீண்டும் சந்தைக்கு வருகின்றன. வாங்குபவர் தூரத்து மாவட்டத்தவராக இருந்தால் விற்பவருக்கு வசதி.

வெள்ளம் புகுந்த காரைக் கண்டுபிடிக்க மூக்கும் கையும் போதும். கண்ணாடிகளை ஏற்றி, குளிரூட்டியை நிறுத்தி, கதவை அடைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஈரச் சேற்றின் நெடி வாசனைத் திரவியத்தையும் மீறி வரும். இருக்கைப் பட்டி ஒவ்வொன்றையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சுருளுக்குள் கிடந்த பகுதியில் சேற்றின் கோடு நிற்கும். டிக்கியில் மேலதிகச் சக்கரத்தைத் தூக்கி அதன் குழிக்குள் விரலால் தடவுங்கள். இருக்கைகளின் கீழுள்ள தண்டவாளங்களிலும் திருகாணிகளிலும் துரு, டாஷ்போட்டின் கீழ் வயர் இணைப்புகளில் பச்சைப் பூஞ்சணம், விளக்குகளுக்குள் நீராவி, இவற்றில் ஒன்று இருந்தாலும் காரை விட்டு எழும்பி வந்துவிடுங்கள். இன்றைய காரில் எஞ்சின் முதல் காற்றுப்பை வரை எல்லாவற்றையும் ஆட்டுவிப்பது மின்னணுப் பெட்டிகளே. நீர் புகுந்த பெட்டி இன்று வேலை செய்து ஆறு மாதம் கழித்து நடுக்காட்டில் நின்றுபோகும்.

எனக்கே இது நடந்தது. 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பின்னர் வந்த ஆண்டில், விற்பவரின் சொல்லை நம்பி உறவினர் ஒருவருக்குக் கார் பார்த்துக் கொடுத்தேன். டிக்கியின் விரிப்பைத் தூக்கிப் பார்க்கவில்லை. அவர் இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை வயரிங் செய்தார். அந்தக் கவலை இன்னும் என்னை விடவில்லை.

நீங்கள் கடற்கரை ஓரத்தில் இருப்பவர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மூரிலேயே ஓடிய காரை வாங்கினால் வெள்ளத்தைவிட உப்புக்காற்றே எதிரி. கதவுகளின் கீழ்ச் சட்டம், பின் சக்கர வளைவின் உள்விளிம்பு, முன் ஷொக் அப்சோபர்கள் போய்ப் பொருந்தும் மேற்கிண்ணம், எஞ்சினைத் தாங்கும் குறுக்குச் சட்டம் ஆகியவற்றை விளக்கடித்துப் பாருங்கள். அடிப்பகுதி முழுவதும் அண்மையில் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால், திருப்புளியின் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்னும், உக்கிய தகடு மந்தமாக ஒலிக்கும். வாங்கிய பின்னரும் காரின் அடியைக் கழுவுவதற்கு உவர்க் கிணற்று நீரைப் பயன்படுத்தாதீர்கள். குழாய் நீரோ மழைநீரோ கொஞ்சமானாலும் போதும்.

கேள்வி: வங்கியில் வேலை செய்கிறேன். முகவரிடமே புத்தம் புதிய செடான் வாங்கும் வசதி இருக்கிறது. புதியதில் பார்க்க என்ன இருக்கிறது?
– மட்டக்களப்பு நகரம்

பதில்: இருக்கிறது. உத்தரவாதம் செல்லுபடியாக வேண்டுமென்றால் குறித்த காலத்தில் குறித்த இடத்தில் சேர்விஸ் செய்ய வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். அந்த இடம் மட்டக்களப்பிலிருந்து எத்தனை மணி நேரத் தூரம் என்று முதலில் கேளுங்கள். ஒவ்வொரு சேர்விஸுக்கும் ஒரு நாள் விடுப்பும் 600 கிலோமீற்றர் ஓட்டமும் தேவைப்பட்டால், அது காரின் விலையோடு சேர்க்க வேண்டிய செலவு.

டிக்கியைத் திறந்து மேலதிகச் சக்கரம் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய கார்கள் பலவற்றில் அதற்குப் பதிலாக ஒட்டும் திரவமும் சிறு காற்றுப் பம்பும்தான் வருகின்றன. டயரின் பக்கம் கிழிந்தால் அத்திரவம் உதவாது. இரவில் வெலிகந்தைக்கும் மன்னம்பிட்டிக்கும் இடையே யானை கடக்கும் வீதியில் அப்படி நிற்கும் நிலை உங்கள் குடும்பத்துக்கு வரக் கூடாது. முன்கண்ணாடியின் மேல் கமரா பொருத்திய கார் என்றால், கண்ணாடி உடைந்து மாற்றும்போது அந்தக் கமராவையும் மீண்டும் அளவுபடுத்த வேண்டும் என்பதால், அந்தச் செலவைக் காப்புறுதி ஏற்குமா என்று கேளுங்கள். ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு உங்கள் தெருவின் வேகத்தடையைக் கடந்து பாருங்கள். ஆளில்லாமல் ஓட்டிப் பார்த்தால் அடி முட்டுவது தெரியாது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். 2020 இன் தடைக்குப் பின்னரும், 2022 இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய போதும், வாங்கிய விலைக்கு மேலாகக் கார்களை விற்றவர்களைப் பார்த்தோம். அந்த நினைவில் காரைச் சேமிப்பாகக் கருதிக் கடன் எடுக்க வேண்டாம். இறக்குமதி திறந்திருக்கும் நாட்டில் கார் ஆண்டுக்கு ஆண்டு விலை இறங்கும் பொருள்.

கேள்வி: ரீகண்டிஷன் காருக்கு ‘கிரேட் 4.5’ என்று ஒரு தாளைக் காட்டுகிறார்கள். அது என்ன?
– அம்பாறை

பதில்: ஜப்பானிய ஏலக்கூடத்தின் பரிசோதகர் எழுதிய தாள் அது. 4.5 நல்ல தரம்; 4 இலும் குறையில்லை; 3.5 என்றால் கீறலும் நசுங்கலும் கூடுதலாக இருக்கும். ‘ஆர்’ அல்லது ‘ஆர்ஏ’ என்றிருந்தால் விபத்தில் பட்டுத் திருத்தியது. காரின் படத்தில் ‘ஏ’ கீறலையும், ‘யு’ நசுங்கலையும், ‘டபிள்யு’ திருத்திப் பூசிய இடத்தையும், ‘எக்ஸ்எக்ஸ்’ மாற்றிய பாகத்தையும் குறிக்கும். தாளில் உள்ள சேஸி இலக்கமும் (வண்டியின் உடலில் பொறித்த அடையாள இலக்கம்) மீற்றர் அளவும் உங்கள் முன் நிற்கும் காரோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். தாளையே போலியாக அச்சிடுவதும் உண்டு என்பதால், ஜப்பானிலிருந்து வெளியேறியபோது வழங்கிய ஏற்றுமதிச் சான்றிதழையும் கேட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: கார் பிடித்திருக்கிறது, விலையும் சரி. ஆனால் பதிவுப் புத்தகத்தில் இருப்பது விற்பவரின் பெயர் இல்லை. ‘ஓப்பன் பேப்பர்’ கையில் இருக்கிறது, பிரச்சினை இல்லை என்கிறார்.
– திருக்கோவில்

பதில்: வேண்டாம், தம்பி. பதிவுப் புத்தகத்தில் பெயருள்ளவர் ஒப்பமிட்ட வெற்றுப் படிவத்தைக் கைமாற்றிக் கைமாற்றி விற்பதைத்தான் ஓப்பன் பேப்பர் என்கிறோம். இடையில் எத்தனை பேர் அந்தக் காரை வைத்திருந்தார்கள் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. ஒப்பமிட்டவர் இறந்துபோயிருக்கலாம், வெளிநாட்டில் இருக்கலாம், ‘நான் விற்கவில்லை’ என்று சொல்லலாம். அந்தக் கார் விபத்திலோ குற்றத்திலோ சம்பந்தப்பட்டிருந்தால் பொலிஸ் முதலில் கேட்பது அதை வைத்திருக்கும் உங்களைத்தான்.

புத்தகத்திலுள்ள உரிமையாளரை நேரில் சந்தித்து, தேசிய அடையாள அட்டையையும் ஒப்பத்தையும் ஒப்பிட்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் உரிமை மாற்றப் படிவங்களில் உங்கள் கண்முன்னால் ஒப்பமிடச் செய்யுங்கள். எஞ்சின் இலக்கத்தையும் சேஸி இலக்கத்தையும் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். புத்தகத்தில் முழு உரிமையாளராக ஒரு லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்தது என்ற வாய்ச்சொல் போதாது. அந்நிறுவனத்துக்கே நீங்கள் போய் மிகுதித் தொகையை எழுத்தில் கேட்டு, உங்கள் பணத்தில் அந்தப் பங்கை நேரடியாக அங்கே கட்டி, விடுவிப்புக் கடிதத்தைப் பெற்ற பின்னரே மீதியை விற்பவருக்குக் கொடுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை ஆண்டு நிலுவை என்பதையும் பிரதேச செயலகத்தில் கேட்டுவிடுங்கள். அந்த நிலுவையும் தண்டப்பணமும் உங்கள் தலையில் விழும்.

கேள்வி: நாங்கள் பார்த்த காரில் காற்றுப்பையின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறது. ‘சென்சர்தான், ஓட்டத்துக்கு ஒன்றும் செய்யாது’ என்கிறார் விற்பவர். இரண்டு சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள்.
– தாய் ஒருவர், கல்முனை

பதில்: ஓட்டத்துக்கு ஒன்றும் செய்யாது என்பது சரி. மோதும்போது காற்றுப்பை விரியாமல் போகலாம் என்பதே அந்த விளக்கின் செய்தி. சாவியைத் திருப்பியதும் அது சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரிந்தபடியே இருந்தாலும் குறைதான். ஒருமுறைகூட எரியாவிட்டால், குறையை மறைக்க விளக்கையே கழற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். முன்னர் விபத்தில் வெடித்த பையை மாற்றாமல் மேல்மூடியை மட்டும் ஒட்டி வைத்திருப்பதும் நடக்கிறது.

2000 களின் தொடக்கம் முதல் 2015 வரை செய்த பல நிறுவனங்களின் கார்களில் டகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகள் இருந்தன. அவற்றை விரிக்கும் அமோனியம் நைட்ரேட், பல ஆண்டுகள் ஈரக்காற்றிலும் வெப்பத்திலும் கிடந்து சிதைந்தால், பை விரியும்போது உலோகக் கூடே உடைந்து துண்டுகளாகப் பாயும். அதனால் உலகில் பலர் இறந்ததும், கோடிக்கணக்கான காற்றுப்பைகள் திரும்பப் பெறப்பட்டதும் பதிவானவை. நம் கரையோரத்தின் புழுக்கம் அந்தச் சிதைவுக்கு ஏற்ற காலநிலை. ஆகவே பழைய காரின் சேஸி இலக்கத்தை எழுதிக்கொண்டு வந்து, உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் உள்ள திரும்ப அழைப்புப் பகுதியில் இட்டுப் பாருங்கள். ஜப்பானியச் சந்தைக் காருக்கு ஜப்பானியத் தளத்தையே பார்க்க வேண்டும். மொழி தெரிந்த பிள்ளை ஒருவரின் உதவியோடு கைத்தொலைபேசியிலேயே செய்துவிடலாம். அந்த இலக்கம் பட்டியலில் இருந்து, பை மாற்றியதற்கான பதிவும் இல்லையென்றால், முகவரிடம் மாற்றுவித்த பின்னரே காரைக் கையேற்பதாக விற்பவரிடம் சொல்லுங்கள். அதற்கு அவர் இணங்காவிட்டால் வேறு காரைப் பாருங்கள், சகோதரி.